விளையாட்டு வினையாகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விளையாட்டு வினையாகும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. பொறுப்பில்லாதவனை விளையாட்டுப் பிள்ளை என்கிறோம். செய்த வேலையில் குறை கண்டால் விளையாட்டுத்தனம் என்கிறோம். இப்படிப் பெயரிலேயே பழி சுமந்து நிற்கும் விளையாட்டு, இன்று கண்ணாடித் திரைக்குள்ளும் புகுந்துகொண்டது. கேட்க வேண்டுமா? வீடியோ கேம் என்று சொன்ன மாத்திரத்தில் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள்; ஆசிரியப் பெருமக்கள் வருந்துகிறார்கள்; பட்டிமன்ற மேடைகளில் இளைய தலைமுறை கெட்டுவிட்டது என்று தீர்ப்பே வழங்கிவிடுகிறார்கள்.

ஒரு திரைப்படம் வந்தால் நல்ல படம், கெட்ட படம் என்று பிரித்துப் பேசுகிறோம். நாவலையும் அப்படியே. திரையில் ஆடும் விளையாட்டுக்கு மட்டும் ஏன் அந்தப் பிரிவினை இல்லை? எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மூலையில் தள்ளிவிடுகிறோம். அந்தச் சாக்கை அவிழ்த்து, உள்ளே இருப்பதைத் தரம் பிரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அளவுகோல் ஒன்றே ஒன்று: ஆடி முடித்து எழுந்த பின், அந்த விளையாட்டு நம் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறது?

முதலில் ஒதுக்க வேண்டியவை

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நான் விளையாட்டு என்றே கருதவில்லை. அது திரைக்கு இடம் பெயர்ந்த சூதாட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே நம் தமிழக அரசும் சட்டம் கொண்டுவந்திருந்தது. அவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அடுத்து, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகள். காசு கேட்காமல் உள்ளே அழைத்து, பின்னர் உடைக்கும் ஆயுதத்துக்கும் காசு கேட்பவை இவை. இவற்றில் எனக்குள்ள பெரிய குறை காசு அன்று. இவற்றுக்கு முடிவே கிடையாது என்பதுதான். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியில் 14 குழிகள். ஆட்டம் ஒரு கட்டத்தில் முடியும், எழுந்து அடுப்பைப் பார்க்கலாம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகளெல்லாம் வெட்டுப்படும், அல்லது புலிகள் அடைபடும், அத்தோடு சரி. கைபேசி விளையாட்டோ நாளை வா, நாளை மறுநாளும் வா, வராவிட்டால் பரிசு போய்விடும் என்று மிரட்டுகிறது. முடிவில்லாத விளையாட்டு விளையாட்டாகாது; அது வேலை. அதுவும் கூலி இல்லாத வேலை!

கன்சோலும் கையடக்கக் கருவியும்

இனி என் பொருளுக்கு வருகிறேன். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டியைக் கன்சோல் என்கிறோம். கையில் பிடித்து ஆடுவது கையடக்கக் கருவி. நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் இரண்டுமாகவும் பயன்படும். இவற்றில் வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை கதை போல ஒரு தொடக்கமும் முடிவும் கொண்டவை. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். ஆனால் அந்த விலைதான் நம் போன்றோருக்கு மலை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். என் தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் பெட்டியை வாங்கித் தரச் சொல்லி அவரிடம் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கேட்பது நியாயமும் இல்லை.

அப்படியானால் எந்தத் தகுதியில் இதை எழுதுகிறாய் என்று நண்பர்கள் கேட்கலாம். சிதம்பரத்தில் ஒரு கேம் சென்டர் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 80 ரூபாய். மாதம் ஒருமுறை, சில மாதங்களில் இருமுறை, அங்கே சென்றுவருகிறேன். இன்னொரு வழியும் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அத்தான் பொங்கலுக்கு ஊர் வரும்போது தம் ஸ்விட்சைக் கொண்டுவருவார். அவர் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நாட்களில் அது என் கையில்தான் இருக்கும். சொந்தமாக வைத்திருப்பவனுக்கு நேரம் மலிவு. மணிக்கணக்கில் காசு கொடுப்பவனுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆகவே ஒரு விளையாட்டு நம் நேரத்தை மதிக்கிறதா, வீணடிக்கிறதா என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

சில விளையாட்டுகள், சில கருத்துகள்

கேம் சென்டரில் எப்போதும் கூட்டம் நிற்பது கால்பந்துக்குத்தான். பல ஆண்டுகள் ஃபிஃபா என்ற பெயரில் வந்த அது 2023 முதல் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வருகிறது. ஆண்டுதோறும் எண்ணை மாற்றிப் புதிது என்று விற்கிறார்கள். சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் வேறுபாடு காணப் பூதக்கண்ணாடி வேண்டும். இருந்தும் அதற்கு ஒரு பெருமையை நான் மறுக்க மாட்டேன். ஒரே பெஞ்சில் தோளுரச இருவர் அமர்ந்து, பின்னால் நால்வர் நின்று கத்த, தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விடும் காட்சி, தெருவில் கோலி ஆடிய காட்சியேதான். அறைக்குள் தனியே முடங்க வைக்கிறது என்ற குற்றச்சாட்டு இதற்குப் பொருந்தாது.

ஆஸ்ட்ரோ பாட் 2024 செப்டம்பரில் வந்தது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்று அமெரிக்காவில் நடக்கும் கேம் அவார்ட்ஸ் விழாவில் விருதும் பெற்றது. சிறிய ரோபோ ஒன்று தாவித் தாவிச் செல்லும் கதை. கையில் பிடிக்கும் கருவி அதிர்ந்து அதிர்ந்து, நடக்கும் தரையின் தன்மையையே நம் உள்ளங்கைக்குச் சொல்லிவிடுகிறது. பொறியியலில் அது ஓர் அற்புதம். எனினும் என் மனம் முழுதும் அதில் ஒட்டவில்லை. சோனியின் பழைய விளையாட்டுகளில் வந்த பாத்திரங்களைக் குட்டி ரோபோக்களாக்கி நூற்றுக்கு மேல் அதில் வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டிகளோடு வளர்ந்தவருக்கு அது பழைய நண்பர்களைச் சந்திக்கும் மகிழ்ச்சி. எனக்கோ, தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியது போலிருந்தது. படம் அழகுதான்; உறவுதான் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானது 2023 மே மாதம் ஸ்விட்சில் வந்த செல்டா வரிசையின் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம். முன்கதை தெரியாமலே அதில் நுழையலாம். மரக்கட்டை, சக்கரம், விசிறி என்று கண்ணில் படுபவற்றை ஒன்றோடொன்று ஒட்டி நாமே கருவிகள் செய்யலாம். நான் முதலில் செய்தது கட்டைகளைச் சேர்த்து ஒரு மிதவை. தேவனாம்பட்டினத்தில் இன்று ஃபைபர் படகுகளே மிகுதி என்றாலும், கட்டுமரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும் அல்லவா? விசிறியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைத்தேன். மிதவை நேரே போகாமல் வட்டமடித்தது. திருப்புவிசை என்று வகுப்பில் கரும்பலகையில் படித்தது தண்ணீரில் கண்முன் சுழன்றது. இயற்பியல் மாணவர்க்கு இதைவிட நல்ல ஆய்வகப் பயிற்சி திரையில் வேறில்லை என்று துணிந்து சொல்வேன். குறை, அதன் நீளம். அத்தானின் விடுமுறை முடிந்தது. கதை கால் பங்கும் முடியவில்லை.

ஸ்விட்சின் அடுத்த தலைமுறை, ஸ்விட்ச் 2, 2025 ஜூன் 5 அன்று வெளியானது. வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 449.99 டாலராக இருந்தது. வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். பழைய கருவியில் ஓடும் நல்ல விளையாட்டுகளே இன்னும் ஆடி முடிக்கக் கிடக்கின்றன. கருவி புதிதாவதால் கற்பனை புதிதாகிவிடாது.

தம் கதையைத் தாமே சொன்னவர்கள்

2024 ஆகஸ்ட் 20 அன்று சீனாவிலிருந்து பிளாக் மித்: வூகோங் வந்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சீன நாவல் ஒன்றில் வரும் குரங்கரசன் கதையை ஒட்டியது. மூன்றே நாட்களில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஷான்சி மாகாணத்துப் பழங்கோயில்களையும் சிலைகளையும் நேரில் சென்று பதிவு செய்து விளையாட்டுக்குள் எழுப்பியிருக்கிறார்கள். ஆடியவர்கள் பின்னர் அந்தக் கோயில்களையே தேடிப் பயணம் போனார்கள். ஆட்டம் என்னவோ கடுமை. தொடக்கத்திலேயே பெரிய தலையுடன் திரியும் ஒரு பேயிடம் அடிவாங்கி அடிவாங்கி என் 80 ரூபாய் கரைந்தது! ஆனால் அந்தப் பாசி படிந்த சிலைகளையும் மரத்தூண்களையும் பார்த்துக்கொண்டே நடந்ததில் எனக்கு நட்டமில்லை.

நம் நாட்டு முயற்சியும் ஒன்று உண்டு. புணேயைச் சேர்ந்த இளைஞர்கள் உருவாக்கிய ராஜி, 2020 ஆகஸ்டில் ஸ்விட்சில் வந்தது. அரக்கர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் கழைக்கூத்துப் பெண்ணின் கதை. இராஜஸ்தானத்துக் கோட்டைகள் போன்ற மாளிகைகள், நம் தோல்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழல் காட்சிகள் என்று கண்ணுக்கு விருந்து. சண்டைக் காட்சிகள் கைக்குச் சரியாகப் பணியவில்லை. கதையும் சட்டென்று அறுந்து நிற்கிறது. நம்மவர் செய்தது என்பதற்காகக் குறையை மறைத்தால் அது நம்மவர்க்கே செய்யும் தீங்கு. ஆயினும் குறையுள்ள சொந்த முயற்சி, குறையில்லாத இரவலைவிட எனக்கு உவப்பானது.

வெண்பா

இத்தனையும் சொன்னது இந்த ஒரு விளையாட்டைச் சொல்லத்தான். வெண்பா! செய்யுளை அல்ல, 2023 ஜூலை 31 அன்று வெளியான வீடியோ விளையாட்டைச் சொல்கிறேன். கனடாவின் டொரண்டோ நகரத்தைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றில் வந்தது. 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்று தேர்வானது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதைக்குக் கிடைத்த சிறப்பு இது.

1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த, தன் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் வெண்பாவிடம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயுள்ளன. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்வதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, நேரக் கெடு இல்லை.

பொங்கல் விடுமுறையில் இதை நான் ஆடிக்கொண்டிருந்தபோது என் அம்மா அருகில் வந்து அமர்ந்தார். அதுவரை நான் ஆடிய எதையும் அவர் நின்று பார்த்ததில்லை. இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்குவது என்பதே அந்த இடத்துப் புதிர். "இன்னாடா இது, இட்லிப் பானையா? தட்ட நேருக்கு நேரா வெக்காத, திருப்பி வெய்யி. ஆவி போவ வேணாமா?" என்றார். சொன்னபடி செய்தேன். சரியாக வெந்தது. கல்லூரிப் படிப்பில் என் அம்மா எனக்கு விடை சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்றுகூட இல்லை. இந்த விளையாட்டில் அவர்தான் தேர்ந்தவர், நான்தான் மாணவன். ஒரு வீடியோ விளையாட்டு ஒரு தாயை அவர் மகனுக்கு முன்னால் ஆசிரியராக்கியது என்றால், அதை வினை என்று எப்படிச் சொல்வேன்?

இன்னோர் இடம் என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது. வளர்ந்துவிட்ட கவின், அம்மாவின் குறிப்புகளைப் படிக்க முயல்கிறான். தமிழ் அவனுக்கு அரைகுறை. சில சொற்கள் விளங்குவதில்லை. விளங்கிய சொற்களை வைத்துக்கொண்டு விளங்காதவற்றைத் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இருளை நான் அறிவேன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த நம்மில் பலர், முதலாண்டு வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை அப்படித்தானே கேட்டோம்? பத்துச் சொற்களில் நான்கு விளங்கும், மற்றவற்றை ஊகிப்போம். கவினுக்குத் தாய்மொழி மங்கியது. நமக்குப் பாடமொழி மங்கல். இழப்பின் திசை வேறு, வலி ஒன்றே. இன்று எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது. நான் படிப்பது என்னவென்று அம்மா கேட்டால் சொல்வதற்குத் தமிழில் சொற்களைத் தேடுகிறேன். படிப்பு ஏற ஏற வீட்டாருக்கும் நமக்கும் இடையே ஒரு கடல் விரியலாம். அதற்குக் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சத்திரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறினாலே போதும்.

வெண்பாவுக்கும் குறைகள் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பணம் கொடுத்து வாங்குபவர் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். நம் அடுக்களைகளில் வளர்ந்தவர்க்குப் புதிர்கள் மிக எளிது. ஆண்டுகள் தாவித் தாவி ஓடுவதால் பாவலனின் துன்பத்தை இன்னும் கொஞ்சம் அருகில் காண முடியவில்லையே என்ற ஏக்கமும் உண்டு. ஆனால் என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்து எழுந்தேன். நேரே அடுப்பங்கரைக்குப் போய், இட்லிக்கு அரிசியும் உளுந்தும் என்ன கணக்கு என்று அம்மாவிடம் கேட்டேன். பல கோடிச் செலவில் எழுந்த வேறெந்த விளையாட்டும் என்னை இப்படி வீட்டுக்குள் அனுப்பிவைக்கவில்லை.

நம் மண்ணில் இல்லாததா?

ஒரு கிழிந்த சமையல் புத்தகம் விளையாட்டாகும் என்றால், நம் மாவட்டத்தில் விளையாட்டாகாதது எது? 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். சென்னையில் எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலம் அது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேரம். அவ்வூர்களைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் நிற்கிறது. நண்பர்களே, எறிபொருள் இயக்கம் படித்திருக்கிறோம். காற்றின் தடை இல்லாவிடில் 45 பாகையில் எறிந்தால் அதிகத் தூரம் போகும் என்று தேர்வில் எழுதியிருக்கிறோம். பீரங்கியின் சாய்வும் மருந்தின் அளவும் காற்றும் ஒரு பக்கம். குண்டு விழும் ஊரில் களத்து மேட்டில் நிற்கும் உழவன் மறு பக்கம். எத்தனை அருமையான ஆட்டம்! வெள்ளையன் பீரங்கியின் பின்னால் நின்று ஆடினால் வெற்றி. உப்பலவாடிக்காரன் கண்ணால் ஆடினால் வரலாறு.

தில்லைக் கோயில் கோபுரங்களில் 108 கரணங்கள் கல்லில் ஆடுகின்றன. தாளம் தவறாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஆட்டத்தைக் கையடக்கக் கருவியில் ஏன் ஆடக்கூடாது? பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் கால்வாய்களில், ஓதம் ஏறி இறங்கும் கணக்குப் பார்த்துப் படகு விடும் விளையாட்டு வேண்டாமா? சீனர்கள் ஷான்சிக்குச் செய்ததை நாம் சிதம்பரத்துக்குச் செய்யலாகாதா?

இதற்குக் கோடிகள் வேண்டும் என்பது பாதி உண்மையே. பெரிய விளையாட்டுக்கு வேண்டும். சிறிய விளையாட்டுக்குக் கோடோ போன்ற இலவச மென்பொருளும், சாதாரணக் கணினியும், பொறுமையும் போதும். இயற்பியல் துறையார் இயக்கக் கணக்கைத் தரலாம். வரலாற்றுத் துறையார் காலத்தையும் ஆடையையும் சரிபார்க்கலாம். தமிழ்த் துறையார் உரையாடல் எழுதலாம். மாலையில் கணினி ஆய்வகம் வாரம் இரண்டு மணி நேரம் திறந்திருக்கட்டும். பேராசிரியப் பெருமக்களிடம் இம்மலர் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் இது ஒன்றே.

மாணவ நண்பர்களிடமும் ஒன்று சொல்வேன். இதுவரை நாம் திரைக்கு முன்னால் அமர்ந்து பிறர் கதையை வாடகைக்கு ஆடியவர்கள். ஆடியதை எடைபோடக் கற்போம். எடைபோடத் தெரிந்தவர்கள் ஆக்கவும் முனைவோம். நேரத்தைத் தின்னும் விளையாட்டு வினையாகும், ஐயமில்லை. நம்மை நம் வீட்டுக்கும் ஊருக்கும் மொழிக்கும் இன்னும் நெருக்கமாக்கித் திருப்பி அனுப்பும் விளையாட்டோ கல்வியாகும். முன்னதை விலக்குவோம், பின்னதை விரைவில் நம் கையாலேயே செய்வோம்.